தாழ்ப்பாள் இல்லாத வார்டு

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது. டக், டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டக், டக்.

வலிப்பு வார்டில் உதுமானுக்கு அன்றுதான் முதல் நாள். பத்து வருஷமாக மூளைக் கட்டிகளை அறுத்தெடுத்துப் பழகிய சர்ஜன். அது போதாது என்று தோன்றி, நாற்பது வயதில் பேராசிரியர் எஸ்தரிடம் மறுபடி மாணவனாகச் சேர்ந்திருந்தான். குழாய்தான் ஏதோ பழுது போலிருக்கிறது என்று நினைத்துச் சத்தம் வந்த பக்கம் நடந்தான்.

குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. வாசலில் ஓர் அம்மாள் கதவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். பெயர் செல்லத்தாய். உள்ளே பத்தொன்பது வயது மகள் இசக்கி குளித்துக்கொண்டிருந்தாள். தலையில் ஒரு செம்புத் தண்ணீர், பிறகு அதே செம்பால் வாளியில் இரண்டு தட்டு.

"சத்தம் நிக்கப்படாதுட்டி," என்றாள் தாய், திரும்பிப் பார்க்காமல்.

நர்ஸ்தான் விவரம் சொன்னாள். ஆறு வயதில் தொடங்கிய வலிப்பு, சொல்லாமல் கொள்ளாமல் வரும். ஒருதரம் உள்ளே தாழிட்டுக் குளிக்கப் போனவளைக் கதவை உடைத்துத் தூக்கியிருக்கிறார்கள். அன்று பெயர்த்த தாழ்ப்பாளை வீட்டில் யாரும் திரும்ப மாட்டவில்லை. நினைவோடு இருக்கிறாள் என்று வெளியே தாய்க்குத் தெரிய அன்று தொடங்கியதுதான் இந்தத் தட்டல். இந்த வார்டிலும் எந்தக் குளியலறைக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது.

நான்காம் நாள் அறுவை. இசக்கியின் மண்டையோடு திறந்திருந்தது. அவள் விழித்திருந்தாள். வலிப்பு கிளம்பும் இடம், பேச்சு இருக்கும் இடத்துக்கு அடுத்த வீடு. பேச்சின் எல்லையைக் கண்டுபிடிக்க எஸ்தர் மெல்லிய மின்கம்பியால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட, உதுமான் படங்களைக் காட்டினான். குடை என்றாள். பூட்டு என்றாள். அடுத்த படத்துக்கு வாய் திறந்தாள், சொல் வரவில்லை. கண் மட்டும் தவித்தது. எஸ்தர் கம்பியை எடுத்தார்.

"வாத்து," என்றாள் இசக்கி.

உதுமானுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு நாள் முன்பு இதே அறையில், ஒன்பது வருஷமாக ஆடிக்கொண்டிருந்த ஒரு தையல்காரரின் கை, எஸ்தர் தலைக்குள் இறக்கிய கம்பியில் மின்சாரம் ஏறியதும் அப்படியே நின்றது. அந்த மனிதர் தன் கையையே வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக எஸ்தர் தினம் தினம் இதையா பார்த்துக்கொண்டிருக்கிறார்?

துணிக்கு அடியில் ஏதோ அசைந்தது. இசக்கியின் விரல் மேஜை விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தது. டக், டக். உதுமான் அதைப் பிடிக்கப் போனான்.

"விடுங்க உதுமான்," என்றார் எஸ்தர். "அவ அம்மா வெளியே உக்காந்திருக்காங்கல்ல."

எடுக்க வேண்டியதை எடுத்து, பேச்சுக்கு ஒரு நெல்மணி தூரத்தில் கத்தியை நிறுத்தினார். இது போதும் என்று எப்படித் தெரியும் என்று உதுமான் கேட்டான்.

"எனக்கு இன்னும் தெரியலை," என்றார்.

இரண்டு வருஷம் போனது. இசக்கிக்கு ஒருமுறைகூட வலிப்பு வரவில்லை. மறுபரிசோதனைக்கு வந்தபோது ஓர் இரவு, ஒரு பகல் முழுக்க மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார்கள். அலைக்கோட்டில் ஒரு துள்ளல்கூட இல்லை. உதுமான் அறிக்கையில் 'முழு குணம்' என்று எழுதி எஸ்தரிடம் நீட்டினான். அவர் அதை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். சாயங்காலம் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

பொழுது சாய்ந்ததும் இசக்கி, பதிவுக் கம்பிகளுக்காகத் தலையில் ஒட்டிய பசையைக் கழுவப் போனாள். வார்டில் அந்தச் சத்தம் எழுந்தது. டக், டக். இரண்டு வருஷமாக அது நிற்கவே இல்லை என்று உதுமானுக்கு அப்போதுதான் தெரிந்தது.

எஸ்தர் நேராகக் குளியலறை வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தார்.

"இசக்கி, துண்டைச் சுத்திக்கிட்டு வா. என் ரூம்ல போய்க் குளி. அங்கே தாழ்ப்பாள் இருக்கு."

உள்ளே தட்டுவது நின்றது. இது பழகிப்போச்சு டாக்டரம்மா, இப்படியே இருந்துட்டுப் போகட்டும் என்று செல்லத்தாய் கெஞ்சினாள். இசக்கி நைட்டியும் துண்டுமாக வெளியே வந்தாள். தலையெல்லாம் வெள்ளைப் பசை. தாயின் முகத்தைப் பார்க்காமல் எஸ்தரின் பின்னால் நடந்தாள்.

"ஏட்டி, செம்பையாவது எடுத்துட்டுப் போ."

"அங்கன ஷவரும்மா. எதை வச்சுத் தட்ட?"

எஸ்தரின் அறை வரைக்கும் செல்லத்தாய் கூடவே வந்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவரோரம் நின்றாள். இசக்கி அங்கிருந்த குளியலறைக்குள் போய்க் கதவைத் தள்ளினாள். கதவு சாத்திக்கொள்ளவில்லை.

ஒரு கை அதைப் பிடித்திருந்தது. தன் கைதான் என்று உதுமானுக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது.

"சும்மா சாத்தினாப் போதாதா மேடம்? உள்ளே ஏதாவது ஆயிட்டா?"

எஸ்தர் பையிலிருந்து அறிக்கையை எடுத்துப் பிரித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரியைப் படித்தார். பிறகு கதவில் இருந்த கையைப் பார்த்தார்.

"முழு குணம்னு எழுதின கைதானே இது?" என்றார். "எடுங்க."

உதுமான் கையை எடுத்தான். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. செல்லத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.