அடைபட்ட காற்று

மணப்பாட்டில் படகு இஞ்சின்களைப் பழுது பார்ப்பவர் ஜெசிந்தா. வயது முப்பத்தாறு. அவரிடம் தொழில் கற்க வந்த சீடருக்கு அறுபத்தொன்று. பெயர் சூசைமரியான், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஆறாம் வகுப்பில் ஜெசிந்தாவுக்குப் பாடம் எடுத்தவர். இப்போது ஜெசிந்தாவை அவர் ‘மேஸ்திரி’ என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு காலையில், பழுது நீக்கிய படகை ஓட்டிப் பார்க்க இருவரும் கடலுக்குப் போனார்கள். திரும்பும்போது இஞ்சின் இருமி நின்றது. காற்று கரையை நோக்கி அடித்தது. போட்ட நங்கூரம் பிடிக்காமல் இழுபட்டது. பின்னால் பாறைகளில் அலை உடையும் சத்தம்.

ஜெசிந்தா பதறவில்லை. டீசலில் கலந்திருந்த தண்ணீரை வடித்தார். டீசல் குழாயின் நட்டைத் தளர்த்தி, குமிழி அடங்கும்வரை டீசலை வழியவிட்டு, மறுபடி இறுக்கினார்.

“சுத்துங்க சார்.”

சூசைமரியான் இஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடியை மாட்டி முழுப் பலத்தோடு சுற்றினார். பாதிச் சுற்றில் சுவரில் முட்டியதுபோல் நின்றது. இரண்டாம் முறையும் அப்படியே.

“முடியல மேஸ்திரி. உள்ள ஏதோ எதிர்த்துத் தள்ளுது.”

“காத்து சார். சிலிண்டருக்குள்ள அடைபட்ட காத்து.”

இஞ்சின் தலையிலிருந்த சின்ன லீவரை ஜெசிந்தா தூக்கிப் பிடித்தார். வால்வு திறந்துகொண்டது.

“இப்ப சுத்துங்க.”

கனத்த சக்கரம் லேசாகச் சுழன்றது. உஸ் உஸ்ஸென்று காற்று வெளியேறியது. வேகம் கூடியது.

“இன்னும்... இன்னும்...”

ஜெசிந்தா சட்டென்று லீவரை விட்டார். வால்வு மூடிக்கொண்டது. டும் என்று ஓர் அதிர்வு. கரும்புகை. இஞ்சின் பிடித்துக்கொண்டது.

பாறைக்கும் படகுக்கும் இடையே இருபது முழம்தான் இருந்தது.

நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு ஆழத்துக்கு வந்த பிறகு சூசைமரியான் கேட்டார்.

“தீக்குச்சி இல்ல. பொறி வைக்கிற பிளக்கும் இந்த இஞ்சின்ல கிடையாது. யாரு மேஸ்திரி பத்த வச்சது?”

“நீங்கதான்.”

“நானா?”

“வழியை அடைச்சதும் சக்கரத்தோட ஓட்டம் காத்தை நெருக்கிடுச்சு. நெருக்குனதுல கொதிச்சுது. அதுல டீசல் விழுந்ததும் பத்திக்கிச்சு.”

சூசைமரியான் அந்த இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லக் கைகூப்பினார். இஞ்சினுக்கா, ஜெசிந்தாவுக்கா என்று தெரியவில்லை.

பிறகு தோளைத் தடவிக்கொண்டார்.

“ஆனா என்ன எதிர்ப்பு! தோளே கழண்டுடுச்சு. வழியைத் திறந்தே வச்சிருந்தா எவ்வளவு லேசா சுத்துது!”

“லேசாத்தான் சுத்தும் சார்,” என்றார் ஜெசிந்தா. “தீ பிடிக்காது.”