ஓடை மேல் தோண்டிய வளை

கரட்டுக் காட்டின் சரிவில் ஒரு குளம் இருந்தது. குளத்துக்கு மேலே எலிகளும் பெருச்சாளிகளும் கீரிகளும் வளை தோண்டிக் குடியிருந்தன. கீழே, கோரைப் புல்லுக்குள், நீர்க்கோழிகள் கூடு கட்டியிருந்தன. மேலே இருந்தவர்களும் கீழே இருந்தவர்களும் குடித்தது அந்த ஒரே தண்ணீரைத்தான்.

அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. புது வளை தோண்டுகிறவர் எடுத்தவுடனே வாசலைத் தோண்டக் கூடாது. மழைத் தண்ணீர் குளத்துக்குப் போக முதலில் ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். வளைக்குள் சேருகிற அழுக்குக்கு, குளத்துக்கு எதிர்ப்பக்கமாக ஒரு குழி தோண்ட வேண்டும். வாய்க்காலும் குழியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. பிறகு முதல் மழை பெய்து மண் நன்றாக ஊறும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஊறிய மண்ணின் மேல், ஆளுக்கொரு விளாம்பழ ஓட்டில் தண்ணீர் கொண்டுவந்து மேட்டிலிருந்து ஊற்றிப் பார்ப்பார்கள். அந்தத் தண்ணீர் யார் வாசலிலும் நுழையாமல், எந்த அழுக்கையும் தொடாமல் குளம் போய்ச் சேர்ந்தால்தான் குடிபோகலாம்.

மருதாயி என்ற வெள்ளெலிக்கு இந்த வழக்கமெல்லாம் நன்றாகத் தெரியும். அவள் பிறந்ததே அந்தச் சரிவில்தான். வாக்கப்பட்டுப் போனது கீழ்க்காட்டு வயலுக்கு. அங்கே ஏர் வந்து வளையைப் புரட்டிப் போட்டது. புருஷன்காரன் அதிலேயே போய்விட்டான். வயிற்றுப் பிள்ளையோடு அவள் திரும்பி வந்தபோது சரிவில் ஒரு பொட்டு இடம் இல்லை. கள்ளிப் புதரடியில் ஒண்டிக்கொண்டாள். மேலே பருந்து சுற்றும். பக்கத்தில் பாம்பு ஊரும். பிள்ளை பிறப்பதற்குள் ஒரு வாசல் வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு நினைப்பு.

அந்த வருஷம் முத்தையன் என்ற பெருச்சாளி மேட்டில் வரிசையாகப் புது வளைகள் தோண்ட ஆரம்பித்தான். நல்ல உழைப்பாளிதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் வேலை சீக்கிரம் முடிய வேண்டும் அவனுக்கு. தோண்டிய மண்ணைத் தூரத்தில் கொண்டு போய்க் கொட்ட அலுப்புப்பட்டான். பக்கத்திலேயே ஒரு காய்ந்த ஓடை கிடந்தது. மேட்டிலிருந்து குளம்வரை நீளமாகப் போகும். அடைமழை பெய்தால் மட்டும்தான் அதில் தண்ணீர் வரும். எல்லா மண்ணையும் அதற்குள் தள்ளிக் காலால் மிதித்து மட்டமாக்கினான். பார்த்தால் அதுவும் நல்ல இடமாகத் தெரிந்தது. அதன் மேலும் வளை தோண்டினான்.

மருதாயி வெட்கத்தைவிட்டு அவனிடம் போய் நின்றாள். முத்தையன் அவள் வயிற்றைப் பார்த்தான். ஓடை மேல் தோண்டிய வளைகளிலேயே அகலமானதைக் காட்டினான். மண் பஞ்சு மாதிரி இருந்தது. உள்ளே கதகதப்பாக இருந்தது. பிள்ளைகளைப் படுக்க வைக்க ஒரு மூலையும் இருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வரும்போது ஒன்றைப் பார்த்தாள். அழுக்குக்கென்று தனிக் குழி எங்குமே இல்லை. எல்லா வளைகளின் அழுக்கும் ஒரு சின்னக் கால்வாயில் இறங்கி, நேராக மழை வாய்க்காலில் போய் விழுகிற மாதிரி இருந்தது.

"அண்ணே, இது ரெண்டும் ஒண்ணாப் போகுதே?" என்றாள் மெதுவாக.

"போனா என்ன? மழை வந்தா எல்லாத்தையும் அலசிட்டுப் போயிடும். ரெண்டு வேலை எதுக்கு?"

"கீழே குளமாச்சே."

முத்தையன் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தான். "உனக்கு வளை வேணுமா, வேண்டாமா தாயி? வேண்டாம்னா சொல்லு. கள்ளிக்குப் பின்னாலே ரெண்டு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

புரட்டாசி கடைசி. வெயில் இன்னும் தணியவில்லை. மண் வெடித்துக் கிடந்தது. முதல் மழைக்குக் காத்திருக்க வேண்டாம், இப்போதே தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடலாம் என்று முத்தையன் தலைவரிடம் கேட்டான். மழை தொடங்கிவிட்டால் வீடில்லாதவர்களின் பிள்ளைகள் நனைந்து சாகுமே என்று உருக்கமாகப் பேசினான். தலைவர் ஒரு வயசான உடும்பு. அன்றைக்கு முத்தையன் வைத்த கறையான் விருந்தில் வயிறு முட்டத் தின்றிருந்தார். கண் சொருகியது. சரி, சீக்கிரம் ஆகட்டும் என்று சொல்லிவிட்டார்.

எல்லோரும் மேட்டில் கூடினார்கள். கோரைப் புல்லிலிருந்து செல்லக்கண்ணு என்ற நீர்க்கோழியும் வந்திருந்தாள். மருதாயியும் அவளும் சின்ன வயசிலிருந்தே பழக்கம். மருதாயி கள்ளியடியில் கிடந்த நாட்களில் கோரைக் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். அவள் கூட்டில் அன்றைக்குத்தான் குஞ்சுகள் பொரித்திருந்தன. அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொருவராக விளாம்பழ ஓட்டுத் தண்ணீரை ஊற்றினார்கள். காய்ந்த மண் சர்ரென்று உறிஞ்சியது. அடுத்தவர் ஊற்றினார். அதையும் உறிஞ்சியது. எந்த வாசலுக்கும் ஒரு சொட்டு வரவில்லை. அழுக்குக் கால்வாய்ப் பக்கம் ஒரு சொட்டுப் போகவில்லை. குளத்துக்கும்தான் போகவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

"முத்தையா, தண்ணிய எங்கப்பா ஒளிச்சு வெச்சே?" என்றது ஒரு கீரி. எல்லோரும் சிரித்தார்கள். முத்தையனும் சிரித்தான்.

மருதாயி மட்டும் சிரிக்கவில்லை. வெயிலில் காய்ந்த மண் எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். மண் வயிறு நிறைந்த பிறகுதான் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். அதற்காகத்தானே முதல் மழைவரை பொறுக்கச் சொன்னார்கள்.

உடும்பு கொட்டாவி விட்டது. "யாருக்காச்சும் ஏதாவது சொல்லணுமா?"

மருதாயியின் முன்னங்கால் கொஞ்சம் மேலே எழுந்தது. எதிரே முத்தையன் அவளைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து வயிற்றுக்குள் ஒரு பிள்ளை உதைத்தது. அவள், அதற்காகவே தூக்கியதுபோல, அந்தக் காலால் காதைச் சொறிந்துகொண்டாள்.

"அப்போ குடி போங்க" என்றது உடும்பு.

மருதாயி குடிபோனாள். சில நாட்களில் பிள்ளை பிறந்தது. சிவப்புச் சிவப்பாக ஐந்து. கண் திறக்காத குஞ்சுகள். செல்லக்கண்ணு வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஐந்தும் உன்னை மாதிரியே வாயைத் திறக்காததுகளாக இருக்கும்போலிருக்கே என்று கேலி பண்ணிவிட்டுப் போனாள். மருதாயியும் சிரித்தாள். ஆனால் மனசுக்குள் ஒரு முள் கிடந்தது.

ஐப்பசியில் முதல் மழை வந்தது. அது பெரிய மழை ஒன்றும் இல்லை. ஆனால் முத்தையன் சொன்ன மாதிரியே எல்லாவற்றையும் அலசிக்கொண்டு போனது. மேட்டிலிருந்த அத்தனை வளைகளின் அழுக்கும் மழை வாய்க்காலில் இறங்கிக் குளத்தில் சேர்ந்தது. விடிந்து பார்த்தால் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. கரையோரம் நுரை ஒதுங்கியது. நாற்றம் மேட்டுக்கு வரவில்லை. கீழேதான் அடித்தது.

பெரியவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறு பள்ளம் தேடிப் போனார்கள். குஞ்சுகளுக்கு என்ன தெரியும்? பிறந்ததிலிருந்து குடித்த தண்ணீரையே குடித்தன. முதலில் ஒன்று தலையைத் தொங்கப் போட்டது. பிறகு மற்றவை.

செல்லக்கண்ணு மேட்டுக்கு ஏறி வந்தாள். மருதாயியின் வாசலில் வந்து நின்றாள். இறகெல்லாம் ஒட்டிக் கிடந்தது. அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை.

"ஏண்டி மருதாயி, அன்னிக்கு நீ காலைத் தூக்கினியே. எதுக்கு?"

மருதாயி தன் முன்னங்காலைப் பார்த்தாள். பின்னால் ஐந்து பிள்ளைகளும் பாலுக்குக் கீச்சென்று கத்தின.

"சரி, விடு. உன் பிள்ளைங்களுக்குப் பால் குடு" என்று சொல்லிவிட்டு நீர்க்கோழி இறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் மேட்டுப் பக்கம் வரவில்லை.

மருதாயிக்கு அந்த வளை பிடிக்காமல் போனது. ஆனால் எங்கே போவாள்? பிள்ளைகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. கண் திறந்ததும் போய்விடலாம் என்று நாளைக் கடத்தினாள். மழை விட்டுவிட்டுப் பெய்தது. மண் கொஞ்சம் கொஞ்சமாக ஊறியது.

அடுத்து வந்தது அடைமழை. வானம் பொத்துக்கொண்ட மாதிரி ஊற்றியது. கரட்டின் தலையில் விழுந்த தண்ணீர், பழைய ஞாபகத்தில் ஓடையைத் தேடி வந்தது. ஓடை இருந்த இடத்தில் ஓடை இல்லை. முத்தையன் கொட்டிய மண் இருந்தது, அதற்குள் வளைகள் இருந்தன. தண்ணீர் கொஞ்ச நேரம் திகைத்து நின்ற மாதிரி மேட்டில் தேங்கியது. பிறகு மண்ணுக்குள் புகுந்தது.

விடிகிற நேரம். மருதாயியின் வயிற்றுக்கடியில் சில்லென்றது. விழித்துப் பார்த்தால் வளையின் பின்சுவரிலிருந்து தண்ணீர் கசிகிறது. வாசல் பக்கம் ஓடினாள். அங்கே அழுக்குக் கால்வாய் நிரம்பி, போகிற வழியில்லாமல் பின்னுக்குத் திரும்பி உள்ளே வந்துகொண்டிருந்தது. முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர்.

ஒரு பிள்ளையை வாயில் கவ்வினாள். நாற்றத் தண்ணீரில் நீந்தி மேலே இருந்த பாறையில் கொண்டு போய் வைத்தாள். திரும்பி ஓடினாள். இரண்டாவதைக் கவ்வினாள். பாறைக்குப் போனாள். மூன்றாவது முறை திரும்பியபோது பஞ்சு மாதிரி இருந்த மண், கஞ்சி மாதிரி வழிந்துகொண்டிருந்தது. வாசல் எங்கே என்று தெரியவில்லை. வாசலே இல்லை.

அவள் தோண்டினாள். தோண்டத் தோண்டச் சேறு மூடியது. நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. மழை நிற்கும்வரை தோண்டினாள். நின்ற பிறகும் தோண்டினாள். பக்கத்து வளைக்காரர்கள் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் வீட்டிலும் யாரோ குறைந்திருந்தார்கள்.

வெயில் வந்ததும் தலைவர் எல்லோரையும் கூட்டினார். முத்தையனும் வந்தான். அவன் உடம்பில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. அவன் குடியிருந்தது எதிர்ப்பக்கத்துப் பழைய புற்றில். தன் வரிசையில் தனக்கென்று ஒரு வளையும் அவன் வைத்துக்கொள்ளவில்லை என்பதை மருதாயி அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

"நான் என்ன பண்றது? வானம் இப்படிக் கொட்டும்னு யாருக்குத் தெரியும்? எல்லாரும் பார்க்கத்தானே தண்ணி ஊத்தினோம்? ஒரு சொட்டு வந்துதா?" என்றான் முத்தையன்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களும் சிரித்தவர்கள்தானே.

மருதாயி பாறையிலிருந்து இறங்கி வந்தாள். கூட்டத்துக்கு நடுவில் அவள் நின்று யாரும் பார்த்ததில்லை.

"வானம் எப்பவும் பெய்யற மாதிரிதான் பெஞ்சது. தண்ணி அது போற வழியிலதான் வந்தது. நாமதான் அது வழியில போய்ப் படுத்துக்கிட்டோம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தூர்த்த ஓடையை, ஒன்றாகப் போன இரண்டு கால்வாயை, காய்ந்த மண்ணில் ஊற்றிய தண்ணீரை. உடும்பு தலையைத் தூக்கவே இல்லை. கடைசியில் மெல்லக் கேட்டது.

"இதெல்லாம் தெரிஞ்சவ அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, மருதாயி?"

"அன்னிக்கு எனக்கு வீடு வேணும்யா" என்றாள் அவள்.

முத்தையனை அந்தக் காட்டைவிட்டு அனுப்பினார்கள். அதனால் யாருடைய பிள்ளையும் திரும்பி வரவில்லை.

மருதாயி மறுபடியும் கள்ளியடிக்கே போனாள். மிஞ்சிய இரண்டு பிள்ளைகளையும் ஓர் இலைக்கடியில் படுக்க வைத்துவிட்டு, தினமும் ஓடையில் இறங்கிச் சேற்றை அள்ளினாள். மற்றவர்களும் வந்தார்கள். மேட்டிலிருந்து கீழே, கீழே என்று தோண்டிக்கொண்டே வந்தார்கள். குளத்துக் கரையை நெருங்கியபோது ஓடையின் மறுமுனையில் யாரோ ஏற்கனவே காலால் சேற்றை விலக்கிக்கொண்டிருந்தார்கள். செல்லக்கண்ணு. மருதாயி நின்றாள். நீர்க்கோழி நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்தப் பக்கமிருந்து ஒருத்தியும் அந்தப் பக்கமிருந்து ஒருத்தியும் கடைசிச் சேற்றை அள்ளினார்கள். ஓடையில் தேங்கியிருந்த தண்ணீர் மெதுவாக அசைந்து, இருவர் காலையும் நனைத்துக்கொண்டு குளத்துக்குள் போனது.

வீட்டுக்கு வாசல் வைக்கும் முன் தண்ணீருக்கு வழி வைக்க வேண்டும். அது இல்லையென்று கண்டும் வாய் திறக்காமலிருந்தால், அந்தத் தண்ணீர் முதலில் கீழே இருப்பவரை அழிக்கும், பிறகு வாய் திறக்காதவர் வாசலுக்கும் வந்தே தீரும்.