அழித்த பென்சில் எழுத்து

வேதரத்தினம் சாருக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. முப்பது வருஷம் தலைமையாசிரியராக இருந்து ஒரு பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்த மனுஷர். ஓய்வு பெற்ற பிறகு, தபால்தலை சேகரிக்கக் கற்றுக்கொள்ள ஜெரினாவிடம் போய்ச் சேர்ந்தார். ஊர்த் தபால்தலைச் சங்கத்துக்கு அவள்தான் எல்லாம். இவரைவிட இருபது வயது சின்னவள். மூன்று வருஷத்தில் ஒரு தடவையாவது ‘நல்லாயிருக்கு’ என்று வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டுமே? ம்ஹூம்.

மாநிலக் கண்காட்சிக்குச் சங்கத்திலிருந்து ஒரே ஒருவருடைய சேகரிப்புதான் போகும். யாருடையது என்று அவள்தான் முடிவு செய்வாள். இரண்டு வருஷமாக இவருடையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இந்தத் தடவை விடுவதாக இல்லை. தபால்தலை அச்சாவதற்கு முன்னால் ஓவியர் கையால் வரைந்து தபால் துறைக்கு அனுப்புகிற மாதிரிப் படம் ஒன்று அவர் கையில் சிக்கியிருந்தது. அஞ்சலட்டை அளவு. கடலோரத்தில் ஒரு கலங்கரை விளக்கம். உலகத்திலேயே இது ஒன்றுதான். இதற்கு மேல் என்ன வேண்டுமாம்?

கொண்டுபோய் மேஜைமேல் வைத்தார்.

ஜெரினா பார்த்தாள். பின்பக்கம் திருப்பினாள். ஓரத்து வெள்ளையை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தாள்.

“சார், இங்க ஏதாவது எழுதியிருந்திச்சா?”

“ஆமாம்மா. நாலு பக்கமும் பென்சிலால கிறுக்கி வெச்சிருந்தாங்க. ரப்பர் போட்டு அழிக்கவே ரெண்டு நாளாச்சு. குண்டூசி துரு வேற. அந்த ஓரத்தை வெட்டிட்டேன்.”

அவள் கண்ணை மூடி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

“என்ன எழுதியிருந்திச்சு?”

“யாரோ ஆபீசர், அதை மாத்து இதை மாத்துன்னு.”

“எதை?”

“அதையெல்லாம் யாரும்மா படிச்சா?”

அவள் ஒரு தாளையும் பென்சிலையும் அவர் பக்கம் தள்ளினாள். “ஞாபகம் இருக்கிறதை எழுதுங்க.”

‘கடல்’ என்று எழுதினார். அதற்கப்புறம் என்ன? நிறமா? அலையா? ஊரார் பிள்ளைகளின் விடைத்தாளையெல்லாம் வரி விடாமல் படித்தவருக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. பென்சிலைக் கீழே வைத்தார். கோபம் மட்டும் நன்றாக வந்தது.

“உங்களுக்கு எதிலயுமே குத்தம்தாம்மா. துளி அழுக்கில்லாம பளிச்சுனு நிக்குது. படத்துல இப்ப என்ன குறைஞ்சு போச்சு? சொல்லுங்க. இந்த வருஷமும் அனுப்ப மாட்டேன்னா நேராச் சொல்லிடுங்க. நான் வீட்டுல கிடந்து பேப்பர் படிக்கிறேன்.”

ஜெரினா எழுந்து அலமாரியைத் திறந்தாள். ஒரு பழைய ஆல்பத்தைப் புரட்டி, அச்சாகி வெளிவந்த அந்தத் தபால்தலையை எடுத்து, படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே கலங்கரை விளக்கம். அதே கரை. கடலில் மட்டும் பாய் விரித்த ஒரு சின்னப் படகு போய்க்கொண்டிருந்தது.

வேதரத்தினம் குனிந்து தன் படத்தைப் பார்த்தார். வெறும் கடல்தான் இருந்தது.

“ரெண்டையும் சேர்த்தே அனுப்பிடலாம் சார்,” என்றாள் ஜெரினா. “பார்க்க வர்றவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க, இந்தப் படகை யாரு கேட்டாங்க, எதுக்குக் கேட்டாங்கன்னு. நீங்க பக்கத்துலயே நின்னு சொல்லிடுங்க.”