திரையில் எழுதும் கை

கரும்பாறை அணையின் வெள்ளக் கண்காணிப்பு அறையில் நாச்சிமுத்து என்றொரு மாணவர் இருந்தார். அவருக்குத் தலை நரைத்திருந்தது. அவருடைய ஆசிரியை தமயந்திக்கு அவர் மகள் வயதுதான்.

மதகு மோட்டார்களைப் பழுதுபார்ப்பதிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர் நாச்சிமுத்து. எங்கே மணி அடித்தாலும் முதலில் ஓடுகிற ஆள். அணைக்குக் கணினி வந்தபோது, "இதையும் ஒரு கை பார்த்துடறேனுங்க" என்று சொல்லி நிரல் எழுதக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். சொல்லிக்கொடுக்க வந்தவள் தமயந்தி. குறைவாகப் பேசுவாள். அவர் அவளை "டீச்சர்" என்று கூப்பிட்டார். முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தார்.

ஆற்றின் மேலே நான்கு இடங்களில் நீர்மட்டக் கருவிகள் இருந்தன. அவை அனுப்பும் அளவுகளை வாங்கி அறையின் பெரிய திரையில் காட்டுவதுதான் அவர் நிரலின் வேலை. அதைப் பார்த்துத்தான் பொறியாளர் அற்புதராஜ் மதகைத் திறப்பார்; ஆற்றோர ஊர்களுக்கு எச்சரிக்கைச் சங்கு ஊதச் சொல்வார்.

நாச்சிமுத்து எழுதிய முதல் நிரல் ஒவ்வொரு கருவியாகக் கேட்டு, பதில் வரும்வரை காத்து நின்றது. அதுவரை திரையும் கல்லாய் உறைந்து நின்றது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையவில்லை.

"காத்திருக்கிற வேலையைப் பின்னாடி அனுப்புங்கண்ணா," என்றாள் தமயந்தி.

அவர் கருவிக்கு ஒரு த்ரெட் வைத்தார். த்ரெட் என்றால், ஒரே நிரலுக்குள் தன்பாட்டுக்குத் தனியாக ஓடும் வேலை. இப்போது நான்கு த்ரெட்டுகளும் பின்னணியில் ஓடின. எது அளவை வாங்கியதோ அதுவே நேராகப் போய்த் திரையில் எழுதிவிட்டு வந்தது. திரை கன்றுக்குட்டி போலத் துள்ளியது. நாச்சிமுத்துவுக்கும் துள்ளத் தோன்றியது.

தமயந்தி நிரலை வரி வரியாகப் படித்தாள்.

"திரையில யாரு எழுதறது?"

"நாலு பேருந்தானுங்க."

"ஒருத்தர் எழுதட்டும்."

"ஏனுங்க? இத்தனை நாளா ஓடுது. ஒரு பிசிறு இல்லை."

"மழையும் இல்லையே."

அவ்வளவுதான் சொன்னாள். போகிறபோது அற்புதராஜிடம், "இது மாறற வரைக்கும் ஃபோன்ல அளவு கேட்டுப் பலகையில எழுதற ஆளுங்களும் இருக்கட்டும் சார்," என்றாள்.

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. ஓடுகிற மோட்டாரை யாராவது கழற்றுவார்களா? அவர் நிரலில் ஒரு வரியையும் மாற்றவில்லை.

ஐப்பசியில் ஒரு காலையில் வானம் உடைந்து கொட்டியது. மழையைப் பார்த்துவிட்டுத் தமயந்தி முன்னதாகவே வந்துவிட்டாள்.

நான்கு கருவிகளும் ஒரே மூச்சில் பேசத் தொடங்கின. திரையில் ஓர் எண்ணின் மேல் இன்னோர் எண் ஏறியது. கட்டங்கள் பாதி வெளுத்தன. பிறகு நிரலே செத்து, திரை வெறுமையானது. நாச்சிமுத்து மறுபடி ஓட்டினார். மறுபடியும் செத்தது.

"விடுங்கண்ணா. பலகைக்கு வாங்க," என்றாள் தமயந்தி.

சுவரில் வெள்ளைப் பலகை ஒன்று இருந்தது. அதில் சோலைக்கடவு, கல்லாறு என்று கருவி இருக்கும் நான்கு இடங்களுக்கும் நான்கு கட்டங்கள். ஒவ்வொரு கருவிக்குப் பக்கத்திலும் ஒரு காவலர் நின்று, அளவைப் பார்த்துத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். அறையில் அழைப்புகளை எடுத்தவர்கள் ருக்மணியும் ஜபருல்லாவும். மூன்றாவது தொலைபேசியை நாச்சிமுத்து பாய்ந்து எடுத்தார்.

எடுத்தவர் ஓடிவந்து எழுதினார். ருக்மணி எழுதும்போதே ஜபருல்லா அவள் தோளுக்கு மேலே கையை நீட்டினார். நாச்சிமுத்து இருவருக்கும் நடுவில் புகுந்தார்.

அற்புதராஜ் மதகு அறைக்குப் பேசும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தார்.

"சோலைக்கடவு ஏழு அடிதானா? அப்ப இன்னும் நேரமிருக்கு. திறக்க வேண்டாம்."

"சார், பதினேழு!" என்று கத்தினாள் ருக்மணி. "நான் பதினேழுன்னுதான் எழுதினேன்!"

பதினேழின் ஒன்று அழிந்து, மையாக நாச்சிமுத்துவின் சட்டைக் கையில் ஒட்டியிருந்தது.

தமயந்தி மூன்று பேர் கையிலிருந்தும் பேனாவை வாங்கினாள். ஒன்றை மட்டும் நாச்சிமுத்துவிடம் கொடுத்தாள்.

"நீங்க மட்டும் எழுதுங்கண்ணா. ஃபோனைத் தொடாதீங்க." மற்ற இருவரிடமும் திரும்பினாள். "நீங்க சீட்டுல எழுதி இந்தத் தட்டுல போடுங்க. போட்டுட்டுப் போயிடுங்க."

நாச்சிமுத்து விட்ட தொலைபேசியில் அவளே போய் உட்கார்ந்தாள்.

ருக்மணி முதல் சீட்டைப் போட்டுவிட்டு, அவர் எழுதுகிறாரா என்று பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அவள் மேசையில் மணி அடித்தது.

"போட்டாச்சில்ல? போங்க," என்றாள் தமயந்தி.

சீட்டு விழுந்தது. நாச்சிமுத்து எடுத்தார், பழைய எண்ணை அழித்தார், புதியதை எழுதினார், திரும்பி நின்றார். அடுத்த சீட்டு. ஒரே இடத்துக்கு இரண்டு சீட்டு கிடந்தால் பிந்தியதை எழுதினார். நடுவே தட்டு காலியாகும்போது அவருக்கு வேலையே இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. எல்லோரும் ஓடுகிறார்கள், இவர் கம்பம் போல நிற்கிறார். ஆளில்லாத மேசையில் மணி அடித்தபோது கால் தானாக நகர்ந்தது.

"அண்ணா."

கால் திரும்ப வந்தது.

"சோலைக்கடவு?" என்றார் அற்புதராஜ்.

"பதினெட்டரைங்க. ஏறுது."

"கல்லாறு?"

"ஏறறது நின்னுடுச்சுங்க."

"இது இப்ப வந்ததா?"

"இப்பத்தான் எழுதினேனுங்க."

அற்புதராஜ் மதகைத் திறக்கச் சொன்னார். சங்கு ஊதச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே, மழைக்குள், அந்த நீண்ட ஓலம் எழுந்தது.

கொஞ்ச நேரத்தில் நாச்சிமுத்துவின் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. மனைவி பொன்னாத்தாள். அவர்கள் வீடு பள்ளத்தெருவில், ஆற்றை ஒட்டி இருந்தது. தட்டில் இரண்டு சீட்டுகள் கிடந்தன. அவர் கைப்பேசியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

தமயந்தி எழுந்துவந்து கையை நீட்டினாள். அவர் கைப்பேசியைக் கொடுத்துவிட்டார். அவள் அதைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

அவர் இரண்டு சீட்டுகளையும் எழுதினார். மூன்றாவதை எடுத்தார். அதில் அளவு இல்லை; தமயந்தியின் கையெழுத்து இருந்தது.

'அக்கா மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாச்சு. ஆடுங்களும்.'

அதற்குப் பலகையில் கட்டம் இல்லை. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தட்டில் அடுத்தது விழுந்தது.

பிற்பகலில் மழை விட்டது. பள்ளத்தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்திருந்தது. ஆனால் தெருவில் ஒருவரும் இல்லை. சங்கு கேட்டதும் எல்லோரும் மேடேறியிருந்தார்கள். அற்புதராஜ் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ருக்மணி எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள்.

நாச்சிமுத்து கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். தமயந்தி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுங்களா? நாலு த்ரெட்டும் எழுதட்டும். ஒண்ணு எழுதும்போது மத்தது தொடாத மாதிரி ஒரு பூட்டு போட்டுட்டாப் போதாதுங்களா?"

"ருக்மணி பலகைகிட்ட வரிசையில நின்னா, அவங்க ஃபோனை யாரு எடுக்கறது?"

நாச்சிமுத்து எழுதத் தொடங்கினார். நான்கு த்ரெட்டுகளும் இனித் திரையைத் தொடாது. அளவைச் செய்தியாக்கி ஒரு வரிசையில் போட்டுவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பிவிடும். திரைக்கென்று இருக்கும் த்ரெட் மட்டும் அதை எடுத்து எழுதும். தயங்காமல் எழுதினார்; விரல்களுக்கு வழி தெரிந்திருந்தது. ஓட்டிப் பார்த்தார். பொய்யான அளவுகளை மழையைவிட வேகமாகக் கொட்டிப் பார்த்தார். திரையில் ஓர் எண்ணும் குழம்பவில்லை.

தமயந்தி தலையசைத்தாள். கிளம்புவதற்குப் பையை எடுத்தாள்.

அவர் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சங்கடமுங்க டீச்சர்."

"சொல்லுங்க."

"அந்த நாலும் ஓடியாடி உழைக்குது. இந்தத் திரை த்ரெட் பெரும்பாலும் சும்மாவே நிக்குது. பார்க்கப் பொறுக்கலை. சராசரி போடறது, பழைய அளவைச் சேமிக்கிறது, இந்தக் கணக்கெல்லாம் அது தலையில வெச்சுடட்டுங்களா?"

தமயந்தி பையைக் கீழே வைத்தாள்.

"பலகை முன்னால சும்மா நின்னீங்களே அண்ணா, அப்ப என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலைங்க. கைதான் பரபரன்னு வந்துச்சு."

"அற்புதராஜ் சார் கேட்டப்போ?"

"கை சும்மா இருந்துச்சு, கேட்டதும் சொன்னேனுங்க." நாச்சிமுத்து பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கணக்குக்கென்று தனியாக இன்னொரு த்ரெட்டை எழுதத் தொடங்கினார்.