திருமேனியின் பாயிரம்

மடத்துப் பாடசாலையில் ஒரு வழக்கம் உண்டு. நூல் எழுதியவர் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்ளக் கூடாது. ஆசிரியரோ, உடன்படித்தவரோ, மாணவரோதான் அவரைப் புகழ்ந்து பாயிரம் எழுத வேண்டும். அரங்கேற்றத்தில் நூலுக்கு முன் அதை வாசிப்பார்கள்.

திருமேனி பழைய இலக்கண நூல் ஒன்றுக்கு உரை எழுதி முடித்தபோது அவருக்குத் தலை நரைத்துவிட்டது. இத்தனை பாடுபட்டும் வெளியே யாருக்கும் அவர் பெயர் தெரியாது. பாயிரம் எழுதுகிறவர் இரண்டு வார்த்தை குறைத்து எழுதிவிட்டால்? பயம் பிடித்துக்கொண்டது. அவரே எழுதினார். கஞ்சத்தனமே இல்லை. கடல் என்றார், மலை என்றார், முன்னோர் உரைகளெல்லாம் இனி எதற்கு என்றார். கீழே உடன்படித்த வைரவனின் பெயரைப் போட்டார்.

ஆசிரியர் மாசிலாமணியும், வைரவனைப் போலவே, உரையை முன்பே படித்திருந்தார். பாயிரத்தையும் வாங்கிப் படித்தார்.

"வைரவன் எழுதினதா?"

"ஆமாங்க ஐயா."

"நல்லது. சபையில அவனே வாசிக்கட்டும்."

திருமேனி வைரவனிடம் போய் உண்மையைச் சொல்லவும் இல்லை.

அரங்கேற்றத்தன்று ஏடு வைரவன் கைக்குப் போனது. அதில் தன் பெயரைப் பார்த்தார். திருமேனியைப் பார்த்தார். பிறகு கணீரென்று முழுவதையும் வாசித்தார். என்ன மனுஷன்!

சபையில் ஒரு புலவர் எழுந்தார்.

"கடல், மலையெல்லாம் இருக்கட்டும். இந்த உரையில அப்படி என்ன இருக்கு? பாயிரம் எழுதினவரே சொல்லட்டும்."

திருமேனி தலையைக் குனிந்துகொண்டார். 'இதை நான் எழுதவில்லை' என்று வைரவன் சொன்னால் போதும். உரையும் போச்சு, மானமும் போச்சு.

வைரவன் ஏட்டைக் கீழே வைத்தார்.

"எல்லா உரைகாரரும் திணறின சூத்திரம் ஒண்ணு இருக்கு. ஆளாளுக்கு எதையோ சொல்லி மழுப்பியிருக்காங்க. இவர் மூணு பொருள் சொல்லி, மூணையும் தானே மறுத்து, 'எனக்கு விளங்கவில்லை, அறிந்தவர் சொல்க'ன்னு எழுதிட்டார். அதைப் படிச்ச அன்னிக்குத்தான், மத்ததையெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்னு எனக்குத் தோணுச்சு."

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. கேள்வி கேட்ட புலவரே, "உரையை வாசியுங்க" என்றார். அன்று உரை அரங்கேறியது.

எல்லோரும் போன பிறகு திருமேனி ஆசிரியரின் காலில் விழுந்தார்.

"ஐயா, அந்தப் பாயிரம் நான் எழுதினது."

"படிச்சப்பவே தெரியும்."

"எப்படி ஐயா?"

"உன் உரையில எது உசத்தியோ, அது மட்டும் அதுல இல்லையே."