அணைத்த பெட்டி

போன தவக்காலத்தில், கோயிலில் என் பக்கத்தில் உட்காரும் ரெஜினா இதை எனக்குச் சொன்னாள்.

கல்லூரி ஆய்வகத்தில் மின்னழுத்தத்தைப் பல மடங்காக்கும் பெட்டியைத் தொட்டு, உதவியாளர் அருளப்பன் இறந்துபோனார். அணைக்காமல் தொட்டது அவர் தப்பு என்று அறிக்கை எழுதிவிட்டார் துறைத்தலைவர். அங்கேயே கூட்டிப் பெருக்கும் அருளப்பனின் மனைவி தெரசாவுக்கு மனசு ஆறவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் முன்னால் சொன்னாள்: "நான் ஓடியாந்தப்ப சுவிட்ச் அணைஞ்சுதாங்க இருந்துச்சு. அணைச்சாலும் உள்ள இருக்குற கெப்பாசிட்டர்ல கரண்டு நிக்கும், அதை இறக்க கம்பி வேணும்னு எங்க வீட்டுக்காரரு எத்தனை தடவ கேட்டாரு!"

"அணைச்ச பெட்டி யாரையும் கொல்லாதும்மா. உனக்கென்ன தெரியும்?" என்றார் துறைத்தலைவர்.

தெரசா பெட்டியின் சுவிட்சைப் போட்டாள், அணைத்தாள், பிளக்கையும் பிடுங்கினாள். "இப்பத் தொடுங்க ஐயா."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அறிக்கையைத் திருத்தினார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தனியாக வீட்டுக்கு நடந்தாள்.

இன்று செபம் சொல்லும்போது அருளப்பன் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.