சட்னி ஊற்றிய பணியாரம்

அந்த மேல்நிலைப் பள்ளியில் சமையற்கலை பயின்ற மாணவிகள், வெள்ளிதோறும் காலை இடைவேளையில் மரத்தடியில் கடை போட்டுத் தாங்கள் சமைத்ததை மற்ற வகுப்பாருக்கு விற்க வேண்டும். விற்பதும் பாடத்தில் சேர்த்தி.

சுடர்விழியின் பணியாரம் மட்டும் வாராவாரம் மீந்தது. வாழையிலைத் துண்டில் பணியாரங்களை அடுக்கி, தேங்காய்ச் சட்னியைத் தளரக் கரைத்து மேலே ஊற்றித் தருவாள். சட்னி ஊற்றாமல் பணியாரம் கொடுப்பதை அவள் வீட்டில் அவமரியாதையாகக் கருதினார்கள். வாங்கிய ஓரிருவரும் மறுவாரம் வரவில்லை. மற்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடையில் ஃபர்ஹானா காகிதத்தில் சுருட்டிக் கொடுத்த சமோசாவோடு நடையைக் கட்டினார்கள்.

"உன் பணியாரத்தை ஊரே கண்ணால தின்னுட்டுப் போகுதுடி," என்றாள் ஃபர்ஹானா.

அடுத்த வெள்ளி இடைவேளை மணி அடித்ததும், சுடர்விழி கடை விரிக்காமல் பாத்திரத்தோடு சமையல் கூடத்துக்கு வந்து ரெஜினா டீச்சர் முன் நின்றாள். படிப்பு முடிந்ததும் தன் தெருவில் சிற்றுண்டிக் கடை வைக்க நினைத்திருந்தவள், இப்போது இந்தப் பிரிவே வேண்டாம், மில் வேலைக்குப் போகிறேன் என்றாள்.

"எனக்குக் கைப்பக்குவம் இல்ல டீச்சர். இருந்தா இப்படி மிஞ்சுமா?"

டீச்சர் பாத்திரத்தைத் திறந்தார். இலைத்துண்டில் நான்கு பணியாரங்களை வைத்து, சட்னி ஊற்றி, அவள் கையில் கொடுத்தார்.

"மரத்தடியில நின்னு சாப்பிடு. கை கழுவிட்டு, மணி அடிக்கிறதுக்குள்ள வா."

மரத்தடியில் உட்கார இடமில்லை. இடக்கையில் இலை துவண்டது. சட்னி மணிக்கட்டு வழியே இறங்கிச் சட்டைக் கைக்குள் புகுந்தது. இருந்த ஒரே குழாயில் நீண்ட வரிசை. அவள் முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டது.

கழுவாத கையும், இலையில் மீந்த இரண்டு பணியாரமுமாகச் சுடர்விழி திரும்பி வந்தாள். டீச்சர் தம் முந்தானை நுனியை நனைத்து, அவள் சட்டைக் கையைப் பொறுமையாகத் துடைத்தார்.

"ருசி எப்படி இருந்துச்சு?"

சுடர்விழி யோசித்துப் பார்த்தாள்.

"தெரியல டீச்சர். மேல சிந்தாம இருக்கணுமேன்னுதான் இருந்துச்சு."

"அப்போ, உன் கைப்பக்குவத்தை இன்னும் யாரும் ருசிச்சே பார்க்கலைம்மா," என்றார் டீச்சர்.